சிவப்புப் பக்கம்

அக்கா எந்த ஆம்பளையின் முகத்தையும் முதலில் பார்த்ததில்லை. தோளைத்தான் பார்ப்பார். இடது தோள், வலது தோள், கூன் உண்டா, ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா, எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் "சாப்டியா?" என்ற வார்த்தை வரும். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி. "இதுவரைக்கும் எத்தனை பேரைத் தூக்கியிருக்க?"

ஒருமுறை எங்கள் சபைக் கட்டடத்துக்கு டத்தோ பட்டம் வாங்கிய ஒரு அரசியல்வாதி வந்தார். தேர்தல் நேரம். கூடவே பத்துப் பேர், படம் பிடிக்க இரண்டு பேர். வாசலில் துடைப்பத்தோடு நின்ற அக்கா, அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். டத்தோவுக்கு விளங்கவில்லை. "என்னத்தத் தூக்கறதும்மா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"பொணம்லா" என்றார் அக்கா. "இந்த வயசுக்கு ஒரு ஏழெட்டாச்சும் தூக்கியிருக்கணுமே. தோளப் பாத்தா ஒண்ணுகூடத் தூக்குன மாதிரி தெரியலையே."

டத்தோ படத்துக்குக்கூட நிற்காமல் காரில் ஏறிவிட்டார். சபைக்குத் தருவதாகச் சொல்லியிருந்த ஐம்பது நாற்காலிகளும் அவரோடு ஏறிப் போயின. நான் சபையின் செயலாளர். அன்றைக்கு அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் காதில் வாங்கவேயில்லை. "நாற்காலி இல்லன்னா நின்னுக்கலாம் தம்பி. தூக்க ஆள் இல்லன்னா என்ன செய்வ?" என்று கேட்டுவிட்டுக் கூட்டப் போய்விட்டார்.

மலேசியாவின் ஈப்போவில், பழைய டவுனில் இருக்கிறது எங்கள் சகோதர சபையின் கட்டடம். மாடியோடு கூடிய பழங்காலத்து வீடு. அதன் பின்னறையில் அக்கா குடியிருந்தார். புருஷன் அங்கே காவல்காரராக இருந்து இறந்துபோனவர். பிள்ளை கிடையாது. புருஷன் போன பிறகு அந்த அறையை விட்டு அவரும் போகவில்லை, போகச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியமும் இல்லை.

சபை எப்படி வந்தது என்று சொன்னால்தான் அக்காவின் கிறுக்கு விளங்கும். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார், கதவைச் சாத்திக்கொண்டு, தோளில் குறுக்கே பட்டை போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் சகோதரர் என்று கூப்பிட்டுக்கொள்ளும் சங்கங்களை வைத்திருந்தார்கள். கதவுக்கு வெளியே நின்ற நம் ஆட்கள் சிலர், ரயில்வேயிலும் ஈயச் சுரங்கத்திலும் ரப்பர் தோட்டத்திலும் வேலை பார்த்தவர்கள், நமக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று ஆரம்பித்தார்கள். துரைமார் உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது. நம் ஆட்கள் கூடியது சாவுக்காக. தோட்டத்து லயன் வீடுகளில் ஒருவர் செத்தால் இன்னார்தான் தூக்கலாம், இன்னார் தொடக்கூடாது என்று ஆயிரம் சாதிச் சட்டம். கடல் தாண்டி வந்தும் நம் சனம் அந்த மூட்டையை இறக்கி வைக்கவில்லை. சபையில் அது செல்லாது என்று முதல் நாளிலேயே எழுதி வைத்தார்கள்.

உறுப்பினர் ஒருவர் இறந்தால் உடலை வீட்டிலிருந்து சபை மண்டபத்துக்குக் கொண்டுவருவோம். அரைமணி நேரம் அங்கே இருக்கும். பிறகு ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றி, படி இறங்கி, தெருமுனையில் நிற்கும் வண்டி வரை நடப்போம். அந்த ஆறு பேர் யார் என்பதற்கு ஒரே விதி உயரம். நாங்கள் தோளில் போடும் பட்டைக்கும் ஒரு முறை உண்டு. ஒரு பக்கம் சிவப்புப் பட்டு, மறுபக்கம் கறுப்பு. கூட்டத்துக்கும் விழாவுக்கும் சிவப்பு வெளியே தெரியும். சாவுக்கு மட்டும் திருப்பிப் போட்டுக் கறுப்பை வெளியே காட்டுவோம். வேறு எதற்கும் கறுப்பு வெளியே வரக்கூடாது.

பட்டைகளைத் துவைத்து, நிழலில் காயவைத்து, பிரிந்த நூலைத் தைத்து வைப்பது அக்கா. யார் எந்தப் பக்கம் நிற்பது என்று பிரிப்பதும் அக்கா. அந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

என் அப்பா இறந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அண்ணன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நிற்க, தூக்குகிற ஆறு பேரில் நானும் ஒருவன். தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன். அக்கா வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து நிமிர்த்தினார்.

"அழுவுறத அப்புறம் அழுவு. இப்ப தோள நேரா வை. அப்பா சாயக்கூடாது."

எனக்கு ஜோடியாக எதிர்ப்பக்கம் நின்றவர் அப்பாவின் கூட்டாளி, லோரி ஓட்டுகிறவர். லோரி மாமா என்றுதான் எனக்குப் பழக்கம். என்னைவிட நாலு விரல் குட்டை. அக்கா ஒரு துண்டை மூன்றாக மடித்து அவர் தோளில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். திருப்தியில்லை. இன்னொரு மடிப்பு மடித்து வைத்து, தட்டி அமுக்கி, "ம், இப்ப தூக்குங்க" என்றார். பெட்டிமேல் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தாலும் ததும்பியிருக்காது. அவ்வளவு சீராகப் போனார் அப்பா. அன்றிலிருந்து அக்கா என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் அரைமணி நேரத்துக்குமேல் நின்றதில்லை.

அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு கதை சொல்கிறேன். எங்கள் உறுப்பினர் ஒருவர் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் பல வருஷம் இருந்து அங்கேயே இறந்துபோனார். குடும்பம் எப்போதோ கைகழுவியாகிவிட்டது. மறுநாள் தீபாவளி. சபையில் ஒருத்தனுக்கும் வர மனசில்லை. எனக்கும்தான். அக்கா பஸ் ஏறி வீடு வீடாகப் போனார். என்னை மாமியார் வீட்டிலிருந்து கிளப்பினார். என் மோட்டார் சைக்கிளிலேயே ஏறி ஜெலாப்பாங்கில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கிடம் போனோம். அவன் ஒரு லோரிக்கு அடியில் கிடந்தான்.

"அக்கா, காலையில எண்ணெ தேச்சுக் குளிக்கணும், புள்ளைங்களுக்குப் புதுச்சட்டை போடணும். நல்ல நாளும் அதுவுமா என்னக்கா இது?" என்றான் அடியிலிருந்தே.

"தூக்கிட்டு வந்து குளி. எப்படியும் குளிக்கத்தானே போற?" என்றார் அக்கா. "அவன் பைத்தியம்னு சொல்றீங்களே, அவன் பைத்தியம் ஆவறதுக்கு முன்னாடி ஒங்கப்பனத் தூக்குனான். வலது பக்கம், நடுவுல. எனக்கு ஞாபகம் இருக்கு. ஒனக்கு இல்லையா?"

மெக்கானிக் வெளியே வந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். அன்றைக்கு ஆறு பேர் சேர்ந்தோம். சொந்தக்காரன் ஒருத்தன்கூட வராத அந்த மனுஷன், கறுப்புப் பட்டை போட்ட ஆறு பேர் தோளில் ராஜா மாதிரி படி இறங்கினார்.

இதையெல்லாம் கேட்டு அக்கா ஏதோ தெய்வப் பிறவி என்று நினைத்துவிட வேண்டாம். அவரோடு பழகுவது பெரிய ரோதனை. சாவுக்கு வராதவன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்வார். ஒரு கல்யாணத்தில், மணவறைக்கு ஏறிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்து, "நல்ல ஒசரம். முன்னால வலது பக்கத்துக்கு ஆவும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். பெண்ணின் அம்மா அங்கேயே ஒப்பாரி வைக்காத குறை. அதற்குப் பிறகு அக்காவுக்குக் கல்யாணப் பத்திரிகை வருவது நின்றுபோனது. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரையே தூக்கி அனுப்பியவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. தன்னை யார் தூக்குவார்கள் என்பது. எங்கள் சபையில் பெண்கள் உறுப்பினராக முடியாது. சாதியை ஒழித்த பெரியவர்களுக்கு அது மட்டும் தோன்றவில்லை. ஒரு வருஷாந்திரக் கூட்டத்தில் அக்கா வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நான் போனா இங்கேருந்து தூக்குங்க. பட்டையத் திருப்பிப் போட்டுத் தூக்குங்க. அவ்ளோதான்."

உள்ளே இருந்த அத்தனை பேரும் கை தூக்கினோம். நான் இரண்டு கையையும் தூக்கினேன். கூட்டக் குறிப்பில் அதை எழுதியதும் நான்தான். அன்றைக்கே அக்கா தனக்கான ஆறு பேரையும் முடிவு செய்துவிட்டார். "நீ இடது பக்கம் பின்னால. எதிர்ப்பக்கம் லோரிக்காரரு. அவருக்குத் துண்டு மடிச்சு வைக்கணும், மறந்துடாதீங்க. அன்னிக்கு நான் இருக்கமாட்டேன்லா" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பிறகு அந்த ஆறு பேரில் ஒருவர் செத்தால் இன்னொருவரைச் சேர்ப்பார். சேர்க்க ஆள் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமானது.

சபையும் தேய்ந்துகொண்டேதான் வந்தது. கூரை ஒழுகியது, மாடிப்படியைக் கரையான் தின்றது. அப்போதுதான் புதுத் தலைவர் வந்தார். பெரிய வக்கீல். அவருடைய தாத்தா சபையை ஆரம்பித்தவர்களில் ஒருவர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கட்டடத்தைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற வெறி அவருக்கு உண்மையிலேயே இருந்தது. பெரிய ஓட்டலில் நிதி திரட்ட ஒரு கலா டின்னர் விருந்து வைப்போம், ஒரே இரவில் கூரைக்கும் படிக்கும் பணம் வந்துவிடும் என்றார். ஏற்பாட்டுக்கு ஒரு கம்பெனியைப் பிடித்தார். அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி. சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "அங்கிள், இவங்கள வச்சு ஒரு வீடியோ எடுக்கணும்" என்றாள்.

எடுத்தார்கள். அக்காவுக்குப் புதுச் சேலை கட்டி, மண்டபத்து நடுவில் உட்காரவைத்து, மடியில் ஒரு பட்டையைக் கொடுத்தார்கள். அக்கா கேமராக்காரனின் தோளை முதலில் பார்த்துக்கொண்டார். பிறகு பேசினார்.

"எனக்கென்ன கவல? புள்ள இல்லன்னா என்ன, ஆறு பேரு இருக்காங்க. இந்த வாசல்லேருந்துதான் என்னத் தூக்கிட்டுப் போவாங்க. எழுதி வச்சிருக்கு. வேணுன்னா தம்பியக் கேளுங்க."

கேமரா என் பக்கம் திரும்பியது. நான் தலையாட்டினேன். தலைவர் என் கையைப் பிடித்து அமுக்கி, "இது ஒண்ணு போதும் செக்ரட்டரி, அழாம எவனும் எந்திரிக்கமாட்டான்" என்றார்.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் அந்தப் பெண் பட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனாள். முக்கிய விருந்தினர்களுக்குப் போட்டுவிடுவதாகத் திட்டம். லோரி மாமாவிடம் இருந்தது மட்டும் தப்பியது. அவர் தன்னுடையதை வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அக்கா அந்தப் பெண்ணைக் கார் வரை துரத்திக்கொண்டு போனார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறியேம்மா, நடுவுல யாராச்சும் போயிட்டா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டே வாரந்தான் அக்கா. அதுக்குள்ள யாரு போகப் போறா?" என்று நான்தான் சமாதானம் சொன்னேன். வர்ணம் அடிப்பதற்காகப் பின்னறையையும் காலி செய்யச் சொன்னோம். அக்கா ஒரு பையை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டில் இருக்கும் தங்கச்சி மகள் வீட்டுக்குப் போனார். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன்.

விழா நடக்க வேண்டிய சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குத் தங்கச்சி மகள் போன் செய்தாள்.

"அண்ணே, பெரியம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே." அழுகையை நிறுத்திவிட்டு அவளே தொடர்ந்தாள். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு எரிக்க மின்சுடலையில எடம் கெடச்சிருக்கு. நாளைக்குன்னா இல்லையாம். மூணு மணிக்கு சபைக்குக் கொண்டு வந்துறட்டுமா?"

அரைமணி நேரத்தில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தலைவரைக் கூப்பிட்டேன். "ஐயோ, அக்காவா?" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"செக்ரட்டரி, அஞ்சு மணிக்கு விழாவுக்கு வர்ற டத்தோவும் அவரு சம்சாரம் டத்தினும் மண்டபத்தப் பாக்க வாராங்க. அங்கேருந்துதான் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போறோம். கம்பளம் விரிச்சு, பூ எல்லாம் வச்சாச்சு. நாலு மணி வரைக்கும் பொணம் கெடந்த எடத்துல அவங்கள எப்படி நிக்க வைக்கிறது? நீங்களே சொல்லுங்க."

அவரே தொடர்ந்தார்.

"வேற எந்த நாளா இருந்தாலும் நானே தோள் குடுப்பேன். இன்னிக்கு வேணாம். யாருக்கும் தெரியவும் வேணாம், வீடியோ போடறப்ப ஒரு மாதிரி ஆயிடும். நாளைக்கு முகநூல்ல நல்லபடியா போட்டுருவோம், சரியா?"

"சரி" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. அக்கா எனக்குச் செய்ததெல்லாம் தொண்டையில் வந்து அடைத்தது என்று எழுத ஆசைதான். பொய். விழாவின் அறிவிப்பாளர் நான். ஓட்டலில் பன்னிரண்டு மணிக்கு ஒத்திகை, என் புதுக் கோட்டு இன்னும் தையல்காரனிடம் இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

தங்கச்சி மகளைக் கூப்பிட்டு, மண்டபத்தில் சாரம் கட்டியிருக்கிறது, ஆபத்து என்றேன்.

"அப்ப பட்டையாச்சும் கெடைக்குமாண்ணே? பெரியம்மா அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

"அது ஓட்டல்ல இருக்கும்மா."

"நீங்க வருவீங்கல்ல?"

"பாக்கிறேன்" என்றேன். பார்க்கிறேன் என்பவன் வரமாட்டான் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். சரிண்ணே என்று வைத்துவிட்டாள். அக்காவின் பட்டியலில் மிச்சம் இருந்த மற்றவர்களுக்கு நான் தகவல் சொல்லவில்லை. லோரி மாமாவுக்கும்தான்.

ஏழு மணிக்கு ஓட்டலில் கூட்டம் நிறைந்துவிட்டது. கோட்டும் பட்டுச் சேலையுமாக வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். முன்வரிசையில் முப்பது பேர் தோளிலும் எங்கள் பட்டை. முப்பதும் கறுப்பு வெளியே.

ஏற்பாட்டுக்காரப் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். "நம்ப தீம் கறுப்பும் வெள்ளியும்தானே அங்கிள். அந்தச் சிவப்பு ரொம்பக் கோயில் மாதிரி இருக்கு. இதுதான் மெட்ச் ஆவுது" என்றாள். எங்கள் முறை அவளுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் யாரும் சொல்லவில்லை. தலைவரும் கறுப்புதான் போட்டிருந்தார். அவருக்கே தெரியவில்லை.

எனக்கு ஒரு கேவலமான நிம்மதி வந்தது. அக்கா, பாருங்க, டத்தோ முதற்கொண்டு உங்களுக்காகத் திருப்பிப் போட்டிருக்காங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். தெரியாமல் போட்டாலும் போட்டதுதானே என்று நினைத்தேன். என் பாவம் பாதி கழிந்ததாகக்கூடத் தோன்றியது. வெட்கங்கெட்டவன்.

அப்போது லோரி மாமாவை அவர் மகன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். எண்பதைத் தாண்டிவிட்டவர். மூத்த உறுப்பினர் என்று மேடையில் சால்வை போடுவதற்காக அழைத்திருந்தோம். வீட்டிலிருந்தே பட்டையைச் சிவப்பாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாலடி உள்ளே வந்தவர் முன்வரிசையைப் பார்த்தார். நின்றார். மகன் கையை உதறிவிட்டு, தன் பட்டையைக் கழற்றி, திருப்பி, கறுப்பை வெளியே விட்டுப் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் என்னைத் தேடி வந்தார்.

"யாருடா போனது?"

நான் கையிலிருந்த நிகழ்ச்சித் தாளைப் புரட்டினேன்.

"மெக்கானிக்கா? நேத்துகூட பேசினானே. தையக்கடைக்காரனா? சொல்லுடா, யாரு?"

அவருக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். காதில் ஒரு வார்த்தை. தலைவர் நாலு மேசை தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் இல்ல மாமா. சும்மா டிசைனு" என்றேன்.

மாமாவின் முகம் சிவந்தது. "ஆளு போவாம கறுப்பா? வெளயாட்டாடா இது? எவனையாவது கொண்டு போயிடும்! திருப்பச் சொல்லு எல்லாரையும்! இப்பவே திருப்பச் சொல்லு!" பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. தலைவர் ஓடிவந்தார். என்ன ஏது என்று கேட்டுவிட்டு, "பெரியவர் மனசு நோகவேணாம், திருப்பச் சொல்லிருங்க செக்ரட்டரி. ஆனா கலகலப்பா சொல்லுங்க" என்றார்.

நான் கலகலப்பாகச் சொன்னேன். எனக்கு நல்ல குரல். மைக்கைப் பிடித்து, அன்புள்ளங்களே, நம் சபையில் ஒரு இனிய வழக்கம் உண்டு, மகிழ்ச்சியான நாளில் பட்டையின் சிவப்புப் பக்கத்தை வெளியே காட்ட வேண்டும், எல்லோரும் எழுந்து நில்லுங்கள், நான் மூன்று எண்ணுவேன் என்றேன். வாத்தியக்காரன் டிரம்மில் உருட்டி அடித்தான். ஒண்ணு. ரெண்டு. மூணு. முப்பது பட்டைகளும் சிவப்பாகத் திரும்பின. டத்தினுக்குச் சிக்கிக்கொண்டது, டத்தோ எடுத்துவிட்டார், எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். லோரி மாமாவும் தன்னுடையதைத் திருப்பினார். யாரும் சாகவில்லை என்ற நிம்மதியில் அவர் முகம் மலர்ந்திருந்தது. என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்.

அடுத்தது வீடியோ. விளக்கை அணைத்தார்கள். அக்காவின் முகம் சுவரளவுக்கு வந்தது. எனக்கென்ன கவல என்றது. ஆறு பேரு இருக்காங்க என்றது. திரையில் நானும் தலையாட்டினேன். முடிந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டியது. தலைவர் சொன்னது சரிதான், அழாதவர்களே இல்லை.

"அவளக் கூப்பிடலையா? எங்க காணோம்?" என்றார் லோரி மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஒடம்பு சரியில்ல மாமா. சுங்கை சிப்புட்ல இருக்காங்க."

"நாளைக்கு என்னக் கூட்டிட்டுப் போடா. பாத்துட்டு வரலாம்."

அப்போது மணி எட்டரை. அக்கா எரிந்து முடிந்திருப்பார்.

கூரைக்கு மட்டுமல்ல, படிக்கும் தரைக்கும் சேர்த்தே பணம் வந்தது. இப்போது மண்டபம் பளபளவென்று இருக்கிறது. கண்காட்சி வைக்கிறார்கள், பிறந்தநாள் விருந்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். தேக்குத் தரை கெட்டுவிடும் என்று, உடலைக் கொண்டுவரக்கூடாதென்று தீர்மானம் போட்டாயிற்று. அதையும் நான்தான் எழுதினேன். சாவுக்காகக் கட்டிய கட்டடத்தைக் காப்பாற்றி, அதில் சாவு நுழையாமல் பார்த்துக்கொண்டோம். கெட்டிக்காரர்கள்தான் நாங்கள்.

விழா முடிந்த மூன்றாம் நாள் சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். தங்கச்சி மகள் பாலில்லாத தேநீர், தே ஓ, கலக்கிக் கொடுத்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"யாரும்மா தூக்குனது?"

"சாவு வண்டி ஓட்டுறவரு, அவரோட ஆளு ஒருத்தரு, எங்க வீட்டுக்காரரு. இன்னொருத்தரு வேணும்னதும் எதிர்த்தாப்பல பட்டறையில வேல செய்யற பங்களாதேஷ் பையன் தானா வந்தாருண்ணே. அவருதான் நல்லாத் தூக்குனாரு. மத்தவங்க ஒருத்தரு நெட்ட, ஒருத்தரு குட்ட. படி எறங்கறப்ப பெட்டி ஒரு பக்கமா சாஞ்சிருச்சு. விழல. சாஞ்சிருச்சு." அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. நான் தே ஓவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

லோரி மாமாவிடம் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அதற்குள், நாளைக்கு என்று சொன்ன தலைவர் அன்று காலைதான் முகநூலில் போட்டிருந்தார். எங்கள் அன்னை மறைந்தார் என்று, வீடியோவிலிருந்து எடுத்த படத்தோடு. மகன் அதைக் காட்டியிருக்கிறான். மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"சனிக்கெழம காலையிலயேவா?"

"ஆமா மாமா."

"நான் வந்து கேட்டப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் சரியாத்தான்டா போட்டேன். யாருன்னு தெரியாமலே அவளுக்குச் சரியாத்தான் போட்டேன். அத என் கையாலேயே திருப்ப வச்சிட்டியே. சிரிச்சிக்கிட்டே திருப்புனேன்டா நானு."

"மாமா, மன்னிச்சிடுங்க மாமா..."

"மன்னிப்பெல்லாம் எனக்கு எதுக்கு? அவகிட்ட கேக்கணும், அவ இல்ல." மகனை உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அவன் வந்து கதவோரம் நின்றதும், என்னைப் பார்த்தே சொன்னார்.

"இவன் சாட்சி. நான் போறப்ப நீ வராத. ஆளு கொறஞ்சா கொறையட்டும், பெட்டி சாஞ்சா சாயட்டும். ஒன் தோளு எனக்கு வேணாம்."